கடல் கடந்து ஒலிக்கும் கண்டனக் குரல்



திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினால் விருப்பாச்சி என்றோர் ஊர் வரும். மலை வாழைப்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். கணவர் கொல்லப்பட்ட பின், சொந்த நாட்டை விட்டுத் தப்பி வந்த ஓர் அரசி, நீதி வேண்டி எட்டாண்டுக் காலம் அந்த ஊரை அண்டி வாழ்ந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1772-ஆம் ஆண்டு ஜூன் 25. கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் சேர்ந்து காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அரசி வேலு நாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடனும், பிரதானி தாண்டவராய பிள்ளையுடனும், மருது சகோதரர்களுடனும் எல்லை கடந்து விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். அப்போது திண்டுக்கல் சீமை மைசூர் ஹைதர் அலியின் ஆளுகையில் இருந்தது. வந்து சேர்ந்தவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, எழுதியது! அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு ஒரு கடிதம் விடுத்தார். ஐயாயிரம் காலாட்படையும் ஐயாயிரம் குதிரைப்படையும் தந்துதவ வேண்டும் என்பது அதிலிருந்த கோரிக்கை. பின்னர் அரசியே ஹைதரை நேரில் கண்டு உருது மொழியில் முறையிட்டதாகச் சொல்வார்கள். 1780-இல் சிவகங்கை மீட்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொன்றவர் பக்கம் நின்றவரும் ஒரு முஸ்லிம் நவாப். அடைக்கலம் தந்து ஆதரித்தவரும் ஒரு முஸ்லிம் தலைவர். நீதிக்கும் அநீதிக்கும் மார்க்கத்தின் பெயரை ஒட்டிப் பார்க்க முனைகிறவர்கள் நம்மூர்ச் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம்.

அது வாளின் காலம். இன்று அந்நிய மண்ணில் வாழ்கிறவர்கள், தாயகத்தில் தங்கள் தலைவர் படுகொலை செய்யப்பட்டார் என்று கேள்விப்பட்டால், அவர்கள் கையில் இருப்பது ஒரு பதாகையும் ஒரு மகஜரும்தான். தூதரக வாசலில் வாய்மூடி நிற்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். 2017 செப்டம்பர் 5 இரவு பெங்களூரில் பத்திரிகை ஆசிரியர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் வாழும் இந்தியர்கள் இப்படித்தான் கூடி நின்றார்கள். 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொல்லப்பட்டபோது புலம்பெயர்ந்த தமிழர்கள் கண்டனம் எழுப்பினார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 2016 டிசம்பரில் ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். கௌரி வழக்கின் விசாரணை தொடங்குவதற்கே 2022 ஆகிவிட்டது.

“அங்கே போய் நின்றதால் என்ன ஆகிவிட்டது?” என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட, நம் துணைக்கண்டத்திலேயே, நம் சகோதர சமுதாயத்திலேயே நடந்த ஒரு நெடிய நிகழ்ச்சியைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1975 ஆகஸ்ட் 15 விடியற்காலை. டாக்காவின் தான்மண்டிப் பகுதியில் 32-ஆம் சாலை வீட்டில், வங்க தேசத்தின் முதல் தலைவர் ஷேக் முஜீபுர் ரஹ்மானை அந்நாட்டு இராணுவ அதிகாரிகள் சிலர் சுட்டுக் கொன்றார்கள். அவர் மட்டுமல்ல, மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மருமகள்கள் என்று குடும்பமே அழிக்கப்பட்டது. கடைக்குட்டி ரஸ்ஸலுக்கு வயது பத்து! மூத்த மகள் ஹசீனாவும் இளைய மகள் ரெஹானாவும் அந்நேரம் ஐரோப்பாவில் இருந்ததால் உயிர் தப்பினர். நவம்பர் 3 அன்று டாக்கா மத்தியச் சிறைக்குள்ளேயே சையத் நஸ்ருல் இஸ்லாம், தாஜுத்தீன் அஹ்மத், மன்சூர் அலி, கமருஸ்ஸமான் ஆகிய நான்கு தலைவர்களும் கொல்லப்பட்டனர்.

முஜீபின் ஆட்சியில் குறைகள் இருந்தன. 1975 ஜனவரியில் ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டு வந்தார்; ஜூனில் நான்கு நாளேடுகள் தவிர மற்றவற்றை மூடினார். அவற்றை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்சியின் குறைக்குப் பத்து வயதுச் சிறுவனின் நெஞ்சில் குண்டு பாய்ச்சுவதா பரிகாரம்?

கொலையை விடக் கொடியதொன்று அதன் பிறகு நடந்தது. 1975 செப்டம்பர் 26 அன்று ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொலையில் சம்பந்தப்பட்டவர்கள் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க முடியாது என்பதே அதன் சாரம். 1979-இல் அதற்கு நாடாளுமன்றத்தின் பாதுகாப்பும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தன. கொலையாளிகளில் சிலருக்குத் தூதரகங்களில் பதவியும் கிடைத்தது! கொலை நடந்த நாட்டில் கொலை வழக்குப் போட முடியாது. உள்ளூரில் பேசினால் சிறை. தாயகத்தில் இருந்த கதவுகள் அத்தனையும் அடைக்கப்பட்டுவிட்டன.

அப்போது எஞ்சியிருந்தது வெளியூர்க் கதவு ஒன்றுதான்.

கிழக்கு லண்டனில் வங்காளிகள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். பெரும்பாலோர் சில்ஹெட் மாவட்டத்தவர். உணவு விடுதிகளிலும் தையல் கூடங்களிலும் உழைத்துப் பிழைத்தவர்கள். நம் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் சபுருக்குப் போன பிள்ளைகளைப் போன்றவர்கள்தாம். 1971 ஆகஸ்ட் 1 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு தங்கள் நாட்டின் விடுதலைக்குக் குரல் கொடுத்த அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. கூட்டம் போட்டார்கள், ஆண்டுதோறும் நினைவு நாள் நடத்தினார்கள். ஆனால் வெறும் கோஷத்தோடு நின்றுவிடவில்லை. கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளையும் பிரிட்டனின் சட்ட வல்லுநர்களையும் ஓரிடத்தில் கொண்டு வந்து சேர்த்தார்கள் அல்லவா, அதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

ஷேக் ஹசீனாவும் ரெஹானாவும், மன்சூர் அலியின் மகனும், நஸ்ருல் இஸ்லாமின் மகனும் முறையிட்டதன் பேரில், 1980 செப்டம்பர் 18 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் தாமஸ் வில்லியம்ஸ் தலைவர். அயர்லாந்தின் சான் மெக்பிரைட், வழக்கறிஞர் ஜெஃப்ரி தாமஸ், சொலிசிட்டர் ஆப்ரே ரோஸ் ஆகியோர் உறுப்பினர்கள். மெக்பிரைட் 1974-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். எந்த அரசாங்கமும் நியமித்த குழு அல்ல இது. கைது செய்யவோ தண்டிக்கவோ அதற்கு அதிகாரமில்லை. எழுதும் அதிகாரம் மட்டுமே இருந்தது.

1981 ஜனவரியில் ஜெஃப்ரி தாமஸ் டாக்கா செல்ல விண்ணப்பித்தார். லண்டனிலிருந்த வங்க தேசத் தூதரகம் விசா தரவில்லை. மறுப்பதாகவும் எழுதித் தரவில்லை! பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினார்கள். நம்மூர் அலுவலகங்களில் மனுவோடு அலைந்தவர்களுக்கு இந்தக் கலை புதிதன்று. விசா தர மனமில்லாத அந்த அரசாங்கத்தின் அதிபர் ஜியாவுர் ரஹ்மான், அதே ஆண்டு மே 30 அன்று சிட்டகாங்கில் இராணுவத்தினர் சிலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு படுகொலைக்குத் தண்டனை இல்லை என்று சட்டம் எழுதி வைத்த நாட்டில், அடுத்த படுகொலைக்கு ஆறு ஆண்டுகூடத் தேவைப்படவில்லை.

குழு தன் முதற்கட்ட அறிக்கையை 1982 மார்ச்சில் லண்டனில் வெளியிட்டது. சட்டம் தன் வழியில் செல்ல அனுமதிக்கப்படவில்லை, அதற்கு அரசாங்கமே பொறுப்பு, தடைகள் அகற்றப்பட வேண்டும் என்பவையே அதன் முடிவுகள். சிறிய அறிக்கைதான். டாக்காவில் யாரும் அதற்காகக் கைது செய்யப்படவில்லை. ஆனால் கொலை நடந்தது, வழக்கு நடக்கவில்லை, வழக்கை நடக்க விடாதது இன்னார் என்று முத்திரையிட்டாற்போல் ஒரு காகிதம் உலகத்தில் இருந்துவிட்டது. அதைக் கிழிக்க டாக்கா அரசால் முடியவில்லை.

1996-இல் ஹசீனா தேர்தலில் வென்று பிரதமரானார். அவ்வாண்டு நவம்பர் 12 அன்று பாதுகாப்புச் சட்டம் நீக்கப்பட்டது. தனி இராணுவ நீதிமன்றம் எதுவும் வைக்கவில்லை. சாதாரணக் கொலை வழக்காகச் சாதாரண நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. 1998 நவம்பர் 8 அன்று பதினைந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீட்டில் பன்னிரண்டு பேருக்கு அது உறுதியாயிற்று. ஐவர் 2010 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டனர். கொலைக்கும் தண்டனைக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்! 1975-இல் லண்டனில் பதாகை பிடித்த இளைஞர்கள் அதற்குள் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். முடியவில்லையே!

நீதி கேட்டு நாடு நாடாக அலைந்த அந்த மகளே பின்னாளில் நீண்ட காலம் ஆட்சி செய்தார். அவருடைய ஆட்சியில் ஆட்கள் காணாமற்போயினர். எதிர்க்கட்சியினர் சிறைகளில் நிறைந்தனர். 2024 ஜூலையில் அரசு வேலை ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தபோது, துப்பாக்கிகள் பேசின. ஜூலை 16 அன்று ரங்பூரில் கைகளை விரித்து நின்ற அபூ சயீத் என்ற மாணவர் சுடப்பட்ட காட்சியை உலகமே கண்டது. ஆகஸ்ட் 5 அன்று ஹசீனா பதவியைத் துறந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். மக்களைக் கொன்ற குற்றத்துக்காக 2025 நவம்பர் 17 அன்று டாக்காவிலுள்ள தீர்ப்பாயம், அவர் இல்லாமலேயே விசாரித்து, அவருக்கு மரண தண்டனை விதித்தது. தந்தையின் இரத்தத்துக்கு நீதி கேட்ட அதே நாவு, பிறர் பிள்ளைகளின் இரத்தம் சிந்தியபோது எங்கே போயிற்று என்று அந்நாட்டுத் தாய்மார்கள் கேட்கிறார்கள். அவர் இல்லாத மன்றத்தில் வழங்கிய மரண தண்டனை முறையானதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம்.

அதே 2024 ஜூலையில், 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை செய்யும் வங்க தேசத்தவர் சிலர் தெருவில் இறங்கினார்கள். தாயகத்தில் பிள்ளைகள் சாகிறார்களே என்ற வேதனை. லண்டனில் அவர்களுடைய தந்தையர் தலைமுறை செய்த அதே காரியம்தான். ஆனால் மண் வேறு! மூன்றே நாட்களுக்குள் அபுதாபி நீதிமன்றம் ஐம்பத்தேழு பேருக்குத் தண்டனை விதித்தது. மூவருக்கு ஆயுள், ஐம்பத்து மூவருக்குப் பத்தாண்டு, ஒருவருக்குப் பதினோராண்டு. தண்டனை முடிந்தபின் நாடு கடத்தல் வேறு. டாக்காவில் ஆட்சி மாறி, புதிய ஆலோசகர் முஹம்மது யூனுஸ் அமீரக அதிபரிடம் பேசியதன் பிறகு, செப்டம்பர் 3 அன்று ஐம்பத்தேழு பேருக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஊர் திரும்பினார்கள், ஆனால் வேலை போனது போனதுதான். ஆட்சி மாறாதிருந்தால்? எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் நடுங்குகிறது.

இது வங்காளிகளின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். 2022 ஜூன் 10 ஜும்ஆவுக்குப் பின், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி நம் நாட்டில் அரசியல் பேச்சாளர் ஒருவர் கூறியதைக் கண்டித்து, குவைத்தின் ஃபஹாஹீல் பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் திரண்டார்கள். குவைத் அரசாங்கமே அந்தப் பேச்சைக் கண்டித்திருந்தது. ஆயினும் என்ன? கலந்துகொண்ட வெளிநாட்டினரைப் பிடித்து நாடு கடத்த உத்தரவாகியிருப்பதாக அடுத்த நாட்களில் செய்தி வந்தது. கோரிக்கை சரியானதா என்று அங்கே பார்ப்பதில்லை. கூடியவர் குடிமகனா என்றுதான் பார்க்கிறார்கள்.

நாட்டுக்கு நாடு சட்டம் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். பிரிட்டனில் ஊர்வலம் போக வேண்டுமானால் ஆறு நாட்களுக்கு முன் காவல்துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்தால் போதும், வெளிநாட்டவரும் நடக்கலாம். மலேசியாவின் 2012-ஆம் ஆண்டு அமைதிக் கூட்டச் சட்டம் குடிமக்களுக்கே உரிமை தருகிறது. வேலைக்குப் போன நம் பிள்ளைக்கு அது இல்லை. சிங்கப்பூரில் ஹொங் லிம் பூங்காவில் பேச்சாளர் சதுக்கம் என்று ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேகூட வெளிநாட்டவர் ஆர்ப்பாட்டத்தில் சேர முடியாது. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சைபர் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியற்ற ஆர்ப்பாட்டத்துக்குக் கைப்பேசியில் அழைப்பு அனுப்பினாலே குற்றம். “வாருங்கள் சகோதரர்களே” என்று யாரோ எழுதியதை மறு யோசனையின்றிப் பத்துப் பேருக்கு அனுப்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையா?

தாயின் நகையை அடகு வைத்து, தகப்பன் தோல் ஷாப்பில் உழைத்துச் சேர்த்த காசைப் போட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி அனுப்பிய பிள்ளை அவன். அவன் ஒருவன் நாடு கடத்தப்பட்டால் இங்கே ஒரு குமரின் நிக்காஹ் நின்றுபோகிறது. ஆகவே, வெள்ளிக்கிழமை இரவு ஃபோனில் பேசும்போது, “சாப்பிட்டாயா, பணம் அனுப்பினாயா” என்பதோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள் தாய்மார்களே. அடக்கி ஆளச் சொல்லவில்லை. ஊரில் ஓர் அநியாயக் கொலை நடந்தால் அவன் நெஞ்சு கொதிக்கத்தான் வேண்டும்; கொதிக்காதவனைப் பெற்றதில் என்ன பெருமை? அந்தக் கொதிப்பு எந்த வழியில் போக வேண்டும் என்பதுதான் பேச்சு.

தெரு அடைபட்டிருக்கும் ஊரிலும் காகிதம் அடைபடவில்லை. அதுவும், நம் நாட்டில் நடந்த கொலைக்கு, நம் நாட்டு அலுவலகத்துக்கு எழுதும் காகிதம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு யார் வேண்டுமானாலும் முறையீடு அனுப்பலாம். பாதிக்கப்பட்டவரின் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டணம் கிடையாது. தமிழிலேயே எழுதலாம். அரசு ஊழியர் மனித உரிமையை மீறினார், அல்லது மீறலைத் தடுக்காமல் அலட்சியமாக இருந்தார் என்பது முறையீட்டில் இருக்க வேண்டும். காவல்துறை வழக்கைப் பதியவில்லை, பாதுகாப்புக் கேட்டவருக்குக் கொடுக்கவில்லை என்பவையெல்லாம் இதில் அடங்கும். ஆனால் ஒரு கெடு உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டு கழிந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்க முடியாது. நம்மவர்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வரை அழுதுவிட்டு, வருடம் திரும்பியபின்தான் வக்கீலைத் தேடிப் போகிறார்கள்!

மற்றொன்றும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் படிவம் 6ஏ நிரப்பித் தம் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்; 2011 முதல் இந்த வசதி இருக்கிறது. வாக்களிக்க மட்டும் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். அந்தச் சிரமம் இருப்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆயினும் பெயர் பட்டியலில் இருக்கிற ஒருவன் தன் தொகுதி உறுப்பினருக்கு, “இந்தக் கொலை வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? சபையில் கேளுங்கள்” என்று எழுதும்போது, அந்தக் கடிதத்தின் கனமே வேறு.

எழுதும்போது கொல்லப்பட்டவரின் பெயர், நாள், இடம், காவல் நிலையம், வழக்கு எண் ஆகியவற்றை ஒழுங்காகக் குறிப்பிடுங்கள். வசைச் சொல் ஒன்றும் வேண்டாம். கொன்றவனின் சாதியையும் மதத்தையும் இழுக்க வேண்டாம். நகல் ஒன்றை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். தபால் ரசீதை அதனுடன் குத்தி வையுங்கள்.